நான்கு பிஸ்டன் பிரேக்: எக்ஸ்டியா, கோடா?

சரிவுப்பிரியன்:
மலை சைக்கிளில் இப்போது இருப்பது இரண்டு பிஸ்டன் பிரேக், முன்னும் பின்னும் 160 மி.மீ. டிஸ்க். நீண்ட இறக்கத்தில் பாதி வருவதற்குள் ஒரு விரலில் பிடித்த லீவரை இரண்டு விரல் போட்டு இழுக்க வேண்டியிருக்கிறது, கீழே வந்து சேரும்போது முன்கை இறுகிப்போய் தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடிவதில்லை. நான்கு பிஸ்டன் பிரேக்குக்கு மாறலாம் என்றிருக்கிறேன்: ஷிமானோ எக்ஸ்டி, ஸ்ராம் கோட் இரண்டில் எது? விரலுக்கு எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்கள் சொல்லுங்கள். என் எடை 85 கிலோ.

ஈரவேர்:
இரண்டும் ஓட்டியிருக்கிறேன், இரண்டும் நன்றாகவே நிறுத்தும். எக்ஸ்டியில் சர்வோ வேவ் என்று ஓர் அமைப்பு: லீவரை லேசாக இழுத்ததுமே பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) டிஸ்க்கை நெருங்கிவிடும், அதற்குப் பிறகு விரல் கொடுக்கும் விசை பெருகிக்கொண்டே போகும். அதனால் தொட்டதும் கப்பென்று பிடிக்கும். காய்ந்த தரையில் சுகம்தான், ஈரமான வேர் மேல் அப்படிப் பிடித்து நான் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். கோடில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலால் அளந்து கொடுக்கலாம், ஆனால் கொஞ்சம் அழுத்தி இழுக்கணும். எனக்கு கோட். அப்புறம் எண்ணெய்: எக்ஸ்டிக்கு மினரல் ஆயில், கோடுக்கு டாட் 5.1. மாற்றி ஊற்றினால் சீல் போச்சு.

பழையசெயின்:
இருங்க ப்ரோ, பிரேக்கை மாற்றுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். பிரேக் சரியாகப் பிடிக்காத நேரத்தில் லீவர் கெட்டியாக இருக்கிறதா, பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரை வருகிறதா? பஞ்சு என்றால் உள்ளே காற்று, இல்லை எண்ணெய் கொதித்திருக்கிறது. கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பு விட்டுவிட்டது. 85 கிலோவுக்கு 160 டிஸ்க் பாவம். 203 போட்டால் அதே அழுத்தத்துக்கு கால் பங்குக்கு மேல் கூடுதல் பிடிப்பு, சூடு ஆறவும் இடம் அதிகம்.

சரிவுப்பிரியன்:
கெட்டியாகத்தான் இருக்கிறது. பேட் ரெசின், அதாவது பிசின் கலவை, உலோகம் இல்லை.

பழையசெயின்:
அப்போ சரி. முன்னால் 203, பின்னால் 180, பெரிய டிஸ்க்குக்கு ஏற்ப பிரேக்கைத் தள்ளி மாட்ட அடாப்டர், உலோகப் பேட். ஃபோர்க்கும் ஃபிரேமும் எவ்வளவு பெரிய டிஸ்க்கைத் தாங்கும் என்று முதலில் பாருங்கள். உலோகப் பேட் கொஞ்சம் கத்தும், குளிர்ந்திருக்கும்போது முதல் பிடி மந்தம், ஆனால் நீண்ட இறக்கத்தில் கைவிடாது. பழைய டிஸ்க்கில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், மலிவான டிஸ்க் பலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்று பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். மாட்டியதும், பேட் டிஸ்க்கோடு பழக, சமதரையில் ஓர் இருபது தடவை வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடைவேகத்துக்குக் குறையுங்கள். இதைச் செய்யாமல் புதுப் பேடோடு நேராக இறக்கத்துக்குப் போய் முதல் வளைவிலேயே புதருக்குள் நுழைந்தவன் நான்.

ஈரவேர்:
லீவரையும் ஹேண்டில்பாருக்குக் கொஞ்சம் கிட்டே வையுங்கள். விரல் எட்டிப் பிடித்தாலே முன்கை சீக்கிரம் இறுகும்.

சரிவுப்பிரியன்:
சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன், அந்தப் பொடி எழுத்து இருக்கிறது. ஃபோர்க் 203 தாங்கும். டிஸ்க்கும் பேடும் மட்டும் வாங்குகிறேன், கோட் அப்புறம்.