பாதியில் அறுந்துபோகும் யூஎஸ்பி இணைப்பு: லினக்ஸில் எங்கள் அனுபவங்கள்

அப்பா எடுத்த பழைய புகைப்படங்களை உபுண்டு கணினியிலிருந்து வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுக்கும்போதெல்லாம், சில நிமிடங்களில் வன்தட்டு காணாமல் போய், மீண்டும் வேறு பெயரில் வந்து நிற்கும். வன்தட்டே பழுதாகிவிட்டதோ என்று பயந்து இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

பிறகு டெர்மினலில் டிமெஸ்ஜி கட்டளையை ஓடவிட்டு, நகலெடுக்கும்போதே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யூஏஎஸ் (யூஎஸ்பி வன்தட்டுகளுக்கான ஒரு தரவுப் பரிமாற்ற முறை) என்று தொடங்கும் பிழை வரிகள் அடுக்கடுக்காக வந்தன. அவற்றையடுத்துச் சாதனம் ரீசெட் செய்யப்பட்டதாக ஒரு வரி வந்தது. இணையத்தில் பலரும் சொல்வதுபோல ஆட்டோசஸ்பெண்டை முதலில் நிறுத்திப் பார்த்தேன், பயனில்லை. யோசித்தால் அது இயல்புதான்: சாதனம் சும்மா இருக்கும்போதுதான் கர்னல் அதை உறங்கவைக்கும், என்னுடையதோ வேலையின் நடுவே அறுந்தது. கேபிளை மாற்றியதில் தொல்லை குறைந்ததே தவிரத் தீரவில்லை.

யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி விருப்பத்துடன் கொடுத்தபோது, என் வன்தட்டுப் பெட்டிக்கு யூஏஎஸ் டிரைவர் ஓடுவது தெரிந்தது. இது பழைய யூஎஸ்பி ஸ்டோரேஜ் முறையைவிட வேகமானது. ஆனால் வன்தட்டுப் பெட்டிகளில் உள்ள சில இணைப்புச் சிப்புகள் இதைச் சரியாகக் கையாள்வதில்லை. அந்தப் பெட்டியின் அடையாள எண்களோடு 'யு' என்ற குவர்க் எழுத்தையும் (இந்தச் சாதனத்துக்கு யூஏஎஸ் வேண்டாம் என்று பொருள்) டிரைவர்களுக்கான மோட்புரோப் அமைப்புக் கோப்பில் சேர்த்து, கணினி தொடங்கும்போது ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து, கணினியை மறுதொடக்கம் செய்தேன். வேகம் சற்றுக் குறைந்தது. படங்கள் அத்தனையும் ஒரே மூச்சில் நகலாகி முடிந்தன.

---

மேலே எழுதிய நண்பருக்கு வன்தட்டு, எனக்கு சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் உள்ள ஆர்டுயினோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை). உபுண்டு 22.04-க்கு மாறிய நாளிலிருந்து, பலகையைச் செருகியதும் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட் தோன்றி, ஒரு நொடிக்குள் மறைந்துவிடும். மூன்று கேபிள்களை மாற்றினேன், பலகையையும் மாற்றினேன்; விடை கர்னல் பதிவிலேயே இருந்தது. பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அந்தச் சாதனத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டதாக அதில் தெளிவாக எழுதியிருந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான நிரல் அது. அத்தகைய கருவி ஒன்றும் 1ஏ86:7523 என்ற இதே அடையாள எண்ணைக் கொண்டிருப்பதால், என் பலகையைப் பிரெய்ல் திரை என்று எண்ணிவிட்டது. பலரும் அந்த நிரலையே நீக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதே கணினியைப் பிரெய்ல் திரையோடு பயன்படுத்தும் அண்ணன் இருக்கிறார் என்பதால் நான் அப்படிச் செய்யவில்லை. சாதனம் செருகப்பட்டதும் என்ன நடக்கவேண்டும் என்று சொல்லும் யூடெவ் விதிகளில் அந்த எண்ணுக்குரிய வரியை மட்டும் செயலிழக்கச் செய்தேன். அவருடைய கருவிக்கு வேறு எண் என்பதால் இருவர் வேலையும் தடையின்றி நடக்கிறது.

---

என்னுடையது ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி. தனி மின்சாரம் இல்லாத இரண்டு வன்தட்டுகளை அதில் நேரடியாக இணைத்திருந்தேன். இரண்டாவது சுழலத் தொடங்கும் கணத்தில் முதலாவது அறுந்துவிடும். அதன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரமுடியும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். தனி அடாப்டர் கொண்ட ஹப் ஒன்றை வாங்கி, இரண்டு வன்தட்டுகளையும் அதற்கு மாற்றினேன். அன்றிலிருந்து பதிவில் ஒரு ரீசெட் வரிகூட இல்லை.