பிக்சல் எழுத்துருவில் தமிழ்: 16 வரிசையை எப்படிப் பங்கிடுவது, கொம்பு ஏன் பின்னால் போகிறது?

கட்டக்காரன்:

வணக்கம். பொழுதுபோக்காக 8×8 கட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்துரு முடிந்துவிட்டது. அதே கோப்பில் தமிழையும் சேர்க்கிறேன். 8 வரிசையில் தமிழ் நிற்கவில்லை என்பதால் கட்டத்தை 16 வரிசையாக்கி இருக்கிறேன். வரைவது ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில், ஒரு பிக்சலுக்கு ஒரு சதுரம், எம் அளவு (எழுத்துச் சட்டத்தின் மொத்த உயரம், எழுத்துருவின் அலகில்) 1000. விளையாட்டு ஒன்றின் உரையாடல் பெட்டிக்கும் இணையப் பக்கத்துக்கும் வேண்டும். நான்கு இடத்தில் சிக்கல்:

1. 16 வரிசையில் மேலே எவ்வளவு, உடலுக்கு எவ்வளவு, கீழே எவ்வளவு? அகலம் எல்லா எழுத்துக்கும் 8 என்று வைத்தால் ண, ஞ, ஜ அடங்கவே மாட்டேன் என்கின்றன.
2. உலாவியில் சரியாக 16 பிக்சல் அளவு கொடுத்தாலும் ஓரங்கள் மங்கல்.
3. பெரிதாக்கினால் சதுரங்களுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு.
4. கு, கூ வரிசைக்கு லிகேச்சர் விதி (எழுத்து, குறி இரண்டையும் ஒரே வடிவமாக மாற்றும் விதி) எழுதும் வரை 'கெ' ஒழுங்காக வந்தது. எழுதியதும் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. விதியில் கொம்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

---

ஒற்றைப்புள்ளி:

நாலாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் விதி ஆங்கிலத்துக்கான ஸ்கிரிப்ட் டேகின் (விதி எந்த எழுத்துமுறைக்கு என்று சொல்லும் அடையாளம்) கீழ் பதிவாகியிருக்கிறது. லுக்கப் (விதித் தொகுப்பு) விவரத்தைத் திறந்து பாருங்கள், லத்தீன், டி.எஃப்.எல்.டி (பொது அடையாளம்) என்ற இரண்டு மட்டும்தான் இருக்கும்.

கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்துருவின் வேலை கிடையாது. யூனிகோட் வரிசையில் 'கெ' என்றால் முதலில் க, பிறகு கொம்பு. திரையில் இடம் மாற்றி வைப்பது ஷேப்பர், அதாவது எழுத்து வரிசையைத் திரை வடிவங்களாக அடுக்கும் நிரல். பெரும்பாலான உலாவிகளில் இருக்கும் ஹார்ஃப்பஸ், இந்திய மொழிகளுக்கென்று தனி ஷேப்பர் வைத்திருக்கிறது. ஆனால் எழுத்துருவின் ஜி.சப் அட்டவணையில் (வடிவ மாற்று விதிகள் இருக்கும் இடம்) தமிழ் டேக் இல்லாமல் டி.எஃப்.எல்.டியோ லத்தீனோ மட்டும் கிடைத்தால், அது பொது ஷேப்பருக்குப் போய்விடும். அங்கே இடமாற்றம் நடக்காது. முன்பு ஜி.சப் அட்டவணையே இல்லை, அதனால் இந்திய ஷேப்பர் ஓடியது. நீங்கள் எழுதிய முதல் விதிதான் அதை அணைத்துவிட்டது.

லுக்கப்பில் டி.எம்.எல்.2, டி.ஏ.எம்.எல் இரண்டையும் சேருங்கள். முன்னது புதிய தமிழ் டேக், பின்னது பழையது. சேர்த்த உடனே இன்னொன்று உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன்: விதியை 'லிகா' என்ற அம்சத்தில் (விதிகளைப் போட்டு வைக்கும் பிரிவு) எழுதியிருந்தால் கொம்பு சரியாகிவிடும், கு, கூ காணாமல் போகும். இந்திய ஷேப்பரில் லிகா அணைக்கப்பட்டே இருக்கும். ஹார்ஃப்பஸைப் பொறுத்தவரை உகர, ஊகார, இகர, ஈகார, புள்ளி லிகேச்சர்கள் எல்லாம் பி.எஸ்.டி.எஸ் என்ற அம்சத்தில் இருக்கலாம். க்ஷ மட்டும் ஏ.கே.ஹெச்.என் என்ற அம்சத்தில் இருக்க வேண்டும். அது முந்தைய கட்டத்தில் ஓடுவதால், புள்ளி விதி வந்து 'க்'-ஐ எடுத்துக்கொள்ளும் முன்பே க்ஷ உருவாகிவிடும்.

கொ, கோ, கௌ மூன்றுக்கும் விதி எழுத வேண்டாம். ஷேப்பரே அவற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைக்கும். ஔகாரக் குறியின் வலப் பாதிக்கு யூனிகோடில் தனி எழுத்து இருக்கிறது, அதற்கு ஒரு வடிவம் வரைந்து வையுங்கள்.

---

நெடுங்கணக்கு:

முதல் கேள்விக்கு. 16 வரிசையை இப்படிப் பங்கிட்டால் பெரும்பாலும் இடிக்காது: உச்சியில் 1 வரிசை காலி, அடுத்த 3 புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் (இகர, ஈகாரக் குறி), 8 உடலுக்கு, 4 அடிக்கோட்டுக்கு (எழுத்தின் உடல் உட்காரும் கோடு) கீழே. உங்கள் ஆங்கிலப் பெரிய எழுத்து 7 வரிசை உயரம் இருக்கும், 8 வரிசைத் தமிழ் உடலின் பக்கத்தில் அப்படியே உட்காரும். ஆங்கிலத்தை இரண்டு மடங்காக்கி 16-க்கு நீட்டாதீர்கள். ஒரே வரியில் இரண்டு பிக்சல் அளவு தெரிந்தால் பார்க்கச் சகிக்காது.

அகலத்தைச் சமமாக வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு பிக்சல் கோடு, ஒரு பிக்சல் இடைவெளி என்றால், நெடுக்குக் கோடுகளின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் குறைந்தபட்ச அகலம். ணகரத்தில் சுழியைப் போடும் விதத்தைப் பொறுத்து ஐந்தோ ஆறோ நெடுக்குக் கோடு வரும். 9 அல்லது 11 பிக்சல் வேண்டும். 8-க்குள் திணித்தால் ஒரு சுழி விழுங்கப்பட்டு அது னகரமாகிவிடும். ட 6, ப 7, க 8 அல்லது 9, ண 11, ஔ 15 என்று விட்டுவிடலாம். சம அகலம் கட்டாயம் என்றால் குனூ யூனிஃபான்ட் என்ற பிட்மேப் (பிக்சல் கட்டமாகவே சேமித்த) எழுத்துருவின் வழிதான்: 8×16, 16×16 என இரண்டே அளவு.

எழுத்து எழுத்தாகத் தொடங்காமல், முதலில் ப, ட, ம, ள, ண ஐந்தை வரையுங்கள். நேர்கோடு, வளைவு, சுழி எல்லாம் இவற்றில் வந்துவிடும். வளைவின் மூலையை எப்படிப் போடுவது என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள்:

■■■■　　■■■□
□□□■　　□□□■
□□□■　　□□□■

இடது பக்கம் கூர் மூலை, வலது பக்கம் ஒரு பிக்சல் வெட்டிய மூலை. தமிழில் இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும். ட, ப போன்றவற்றின் அடி மூலை கூராக இருக்கட்டும். ம, ள, ண போன்றவற்றின் வளைவை வெட்டுங்கள். எல்லாவற்றையும் வெட்டினால் ப, வ இரண்டும் ஒரே மங்கலாகத் தெரியும். எல்லாம் கூரானால் ஏழு எட்டுப் பெட்டிகளை அடுக்கியது போல ஆகிவிடும்.

உகரம், ஊகாரம் 36 வடிவங்கள். பயப்பட வேண்டாம், மூன்று நான்கு குடும்பம்தான். ஙு, சு, பு, யு, வு ஐந்திலும் வலப்பக்கக் கோடு நேராகக் கீழே இறங்குகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு ஒரு குடும்பம். இவற்றோடு துணைக்காலைச் சேர்த்தாலே ஞூ, ணூ, தூ, நூ, லூ, றூ, னூ கிடைத்துவிடும். கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. ஊகாரத்தில் டூ, மூ, ரூ, ழூ, ளூ ஒன்றாகவும், ஙூ, பூ, யூ, வூ ஒன்றாகவும் போகும். கூ, சூ இரண்டையும் தனித்தனியாக வரைந்துவிடுவது நல்லது. யூனிகோடின் உகர, ஊகாரக் குறிகளுக்கு நேரடியாகக் கொடுக்கும் வடிவம் ஜு, ஷூ போன்ற கிரந்த எழுத்துகளின் வலப்பக்கத்தில் வரும் தனிக் குறியாக இருக்கட்டும். விதி இல்லாத இடத்தில் அதுதான் தெரியும்.

புள்ளியை 2×2 ஆக வையுங்கள். ஒற்றைப் பிக்சல் புள்ளி சிறிய அளவில் தூசி மாதிரி இருக்கும், வாசிப்பவர் 'க்' என்பதைக் 'க' என்று படித்துவிடுவார். புள்ளிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வரிசை காலி விட்டால் 3 வரிசைக் கணக்கு சரியாகிவிடும். ஒற்றைப்படை அகல எழுத்தில் 2 பிக்சல் புள்ளி நடுவில் நிற்காது. இடமோ வலமோ, எல்லா எழுத்திலும் ஒரே பக்கம் தள்ளுங்கள். மேல்விலங்கைப் புள்ளி மாதிரி மேலே ஒட்டும் குறியாகச் செய்யாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் வரைந்தே வைப்பது பிக்சல் எழுத்துருவில் சுலபம். டி, டீ எப்படியும் தனி வடிவம்.

கணக்கு: உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18 (புள்ளி இல்லாத அகர வடிவம்), கிரந்தம் 5 (ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ), குறிகள் 10, உகர ஊகாரம் 36, புள்ளி எழுத்து 23, இகர ஈகாரம் 46, ஸ்ரீ 1. மொத்தம் 152.

சோதிக்கும்போது அகரவரிசையை மட்டும் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. குழப்பக்கூடிய ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ண–ன, ந–த, எ–ஏ, ஒள–ஔ. துணைக்காலும் ரகரமும்தான் பெரிய தொல்லை. ரகரத்தின் சாய்வு வால் அடிக்கோட்டுக்குக் கீழே குறைந்தது 2 பிக்சல் இறங்கட்டும், ரி, ரீ, ர் வடிவங்களிலும் வாலை விட்டுவிடாதீர்கள். 'காரர்', 'வராத', 'தாரார்' என்று அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

---

சதுரத்தார்:

மங்கலுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நான் சொல்றேன்.

முதல் குற்றவாளி அந்த 1000. 16 வரிசைக்குப் பங்கு போட்டா ஒரு பிக்சல் 62.5 அலகு. ட்ரூடைப் கோப்புல புள்ளிகள் முழு எண்ணுலதான் நிக்கும், அதனால ஒரு பிக்சல் 62, அடுத்தது 63னு ரவுண்டு ஆயிடும். எம்-ஐ 1024 ஆக்குங்க, ஒரு பிக்சல் சரியா 64. ஆனா ஏற்கெனவே வரைஞ்சதை ஃபான்ட்ஃபோர்ஜ்ல 1024-க்கு ஸ்கேல் பண்ணாதீங்க, பழைய ரவுண்டிங் பிழை கூடவே வரும். பிட்மேப்பா வெச்சுக்கிட்டு மறுபடி உருவாக்குங்க. பிட்ஸ்-என்-பிகாஸ்ங்கிற பிட்மேப் எழுத்துரு மென்பொருள்ல வரைஞ்சா அதுவே ட்ரூடைப்பா வெளியே தரும். ஃபான்ட்ஃபோர்ஜோட ஆட்டோட்ரேஸ் (படத்தைத் தானா ஓரக்கோடாக்குற வசதி) பக்கம் போகாதீங்க, சதுர மூலையை எல்லாம் உருட்டிடும்.

அடுத்து உயர அளவுகள். எழுத்துருக் கோப்புல ஹெச்.ஹெச்.இ.ஏ, டைப்போ, வின்னு மூணு இடத்துல ஏற்றம் இறக்கம் (அடிக்கோட்டுக்கு மேலயும் கீழயும் உள்ள உயரம்) இருக்கு. மூணுலயும் ஒரே எண்: மேலே 12 பிக்சல், அதாவது 768, கீழே 4, அதாவது 256. லைன் கேப் (வரிகளுக்கு நடுவுல விடுற கூடுதல் இடம்) 0. மூணும் வேற வேறயா இருந்தா ஒவ்வொரு இயங்குதளத்துலயும் அடிக்கோடு வேற இடத்துல விழும்.

இணையப் பக்கத்துல அளவு 16, 32, 48 மட்டும். வரி உயரத்தை 1.2-னு குடுத்தா 19.2 வரும், அடிக்கோடு பிக்சலுக்கு நடுவுல போயிடும். 20-னு நேரா பிக்சல்ல குடுங்க. நடுவாக்கின வரியோட அகலம் ஒற்றைப்படையா இருந்தா அரை பிக்சல் தள்ளி நிக்கும், அதுவும் மங்கல்தான். உரையை இடப்பக்கம் ஒட்டியே வைக்கிறது நிம்மதி. எழுத்துக்கு நடுவுல விடுற இடைவெளி எல்லாத்தையும் வலப்பக்கமே ஒரு முழு பிக்சலா வைங்க, ரெண்டு பக்கமும் அரை அரையா பிரிக்க வேண்டாம்.

திரை 125 சதவீதத்துல இருந்தா 16-க்கு 20 திரைப் பிக்சல் வரும், ஒரு கட்டத்துக்கு 1.25. என்ன பண்ணாலும் கூர்மை வராது. 32 போட்டாலும் 2.5 தான். 150 சதவீதத்துல 32 போட்டா 48, கட்டத்துக்கு 3, பளிச்சுனு இருக்கும். எல்லாத் திரையிலயும் கூர்மை வேணும்னா உரையை கேன்வாஸ்ல (இணையப் பக்கத்துல படம் வரையுற பரப்பு) முழு மடங்குல வரையணும். எழுத்துருவோட காஸ்ப் அட்டவணையில ஆன்ட்டி-அலியாசிங் (ஓரத்தைச் சாம்பல் நிறத்தால மென்மையாக்குறது) வேண்டாம்னு எழுதலாம். விண்டோஸோட பழைய வரைமுறையான ஜி.டி.ஐ-யில ஓடுற செயலிகள் கேட்கும், மேக் கண்டுக்காது. ஆட்டோஹின்ட் (கோடுகளைத் தானா நகர்த்தித் திரைக் கட்டத்துல பொருத்துறது) ஓட்டாதீங்க.

வெள்ளைக் கோடு: ஒட்டி நிக்கிற ரெண்டு சதுரத்தோட பொது ஓரம் திரைப் பிக்சலுக்கு நடுவுல விழுந்தா, சில ரெண்டரர் (எழுத்தைத் திரையில பூசுற நிரல்) ரெண்டையும் பாதிப் பாதி கறுப்பாக்கித் தனித்தனியா பூசும். நடுவுல பின்னணி எட்டிப் பார்க்கும். ஃபான்ட்ஃபோர்ஜ்ல ரிமூவ் ஓவர்லாப் போட்டு ஒரே உருவமா இணைச்சா போயிடும். ஆனா மேலே காட்டின வெட்டு மூலையில ரெண்டு பிக்சல் ஒரே ஒரு முனையில தொடுதே, அங்கே ஃபான்ட்ஃபோர்ஜ் சில நேரம் பிழை காட்டும். பைத்தான் எழுதத் தெரிஞ்சா ஓரத்தை நீங்களே நடந்து எடுக்கிறது மேல்: கறுப்புப் பகுதி எப்பவும் வலப்பக்கம் இருக்கிற மாதிரி போங்க, நாலு ஓரம் சந்திக்கிற முனையில எப்பவும் வலப்பக்கமே திரும்புங்க. ரெண்டு உருவமும் தன்னைத் தானே வெட்டாம தனித்தனியா மூடிக்கும்.

---

கட்டக்காரன்:

டேக் மாற்றியதும் கொம்பு முன்னால் வந்துவிட்டது, லிகாவிலிருந்து நகர்த்தியதும் கு, கூவும் வந்தன. மிக்க நன்றி. இன்னும் இரண்டு: விளையாட்டு கோடோ 4 என்ற விளையாட்டு எஞ்சினில் இருக்கிறது, அங்கே ஏதாவது மாற்ற வேண்டுமா? இதையே 128×64 ஓலெட் திரையில் காட்ட முடியுமா?

---

ஒற்றைப்புள்ளி:

கோடோ 4 உள்ளே ஹார்ஃப்பஸ் வைத்திருப்பதால் தமிழ் சரியாகவே வரும். எழுத்துருக் கோப்பின் இம்போர்ட் பலகையில் ஆன்ட்டி-அலியாசிங், ஹின்டிங் இரண்டையும் 'நன்' (எதுவும் இல்லை) ஆக்குங்கள், சப்பிக்சல் பொசிஷனிங்கை 'டிசேபிள்டு' ஆக்கி மறுபடி இம்போர்ட் கொடுங்கள். பெட்டியில் எழுத்தளவு 16 அல்லது அதன் மடங்கு.

லினக்ஸ் டெர்மினலிலும் பயன்படுத்த நினைத்தால் ஒன்று: பல டெர்மினல்கள் பயன்படுத்தும் பாங்கோ என்ற உரை வரையும் நூலகத்தில் 1.44 முதல் (2019) வெறும் பிட்மேப் எழுத்துருக் கோப்புகள் ஏற்கப்படுவதில்லை. ஓப்பன்டைப் உறைக்குள் வைத்த பிட்மேப்பாக வெளியிட வேண்டும், ஃபான்ட்ஃபோர்ஜ் அதைச் செய்யும்.

---

சில்லுப்பலகை:

ஓலெட்டில் முடியும். 16 வரிசை என்றால் 4 வரி; சராசரி அகலம் 10 என்று வைத்தால் வரிக்கு 12 எழுத்து. சுருக்காமல் 16×16 ஆக வைத்தாலும் ஒரு வடிவத்துக்கு 32 பைட், 152 வடிவத்துக்கு 4864 பைட். ஆர்டுவினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையின் 32 கிலோபைட் ஃபிளாஷில் இடம் இருக்கிறது. ராம் 2 கிலோபைட்தான், திரையின் முழு நினைவகமே அதில் 1024 பைட் எடுத்துக்கொள்ளும். ஆகவே எழுத்துரு, உரை இரண்டுமே ஃபிளாஷிலேயே இருக்கட்டும்.

இத்தகைய திரைகளுக்கான யூ8ஜி2 என்ற நிரல் நூலகத்தில் ஷேப்பர் கிடையாது, ஜி.சப் விதிகளை அது பார்க்கவே பார்க்காது. லிகேச்சர் வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் ஓர் எண் கொடுத்து, பிட்மேப் கோப்பை நூலகத்தோடு வரும் மாற்றியில் ஓட்டுங்கள். உரையையும் கணினியிலேயே மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்: சிறு பைத்தான் நிரல் ஒன்று 'கொ' வந்தால் கொம்பு, க, துணைக்கால் என்ற வரிசையில் எழுத வேண்டும், 'கு' வந்தால் அதற்கான தனிப்பயன் எண்ணைப் போட வேண்டும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் முதலில் தேடி மாற்றுங்கள், பிறகு உகரம் இகரம், புள்ளி, கடைசியில் கொம்பு இடமாற்றம். வரிசை மாறினால் 'க்ஷெ'யில் கொம்பு க், ஷ இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும்.