எரிகல் உடைவதை ரேடாரில் கண்டவர்கள்: அனுபவப் பகிர்வு

காதங்கி_முன்னாள்:
பல ஆண்டுகள் ஆகியும் அந்த ஓர் எதிரொலி என் நினைவைவிட்டு அகலவில்லை. திருப்பதிக்கு அருகே காதங்கியில் பழைய டிவி ஆன்டெனா போன்ற 1024 யாகி ஆன்டெனாக்கள் வரிசைகட்டி நிற்கும் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரின் தரவை, டிசம்பரில் வரும் ஜெமினிட் எரிகல் பொழிவுக்கு மறுநாள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையெதிரொலி, அதாவது எரிகல்லைச் சூழ்ந்து அதனோடே பாயும் மின்னேற்றம் பெற்ற காற்றில் பட்டுத் திரும்பும் அலை, எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சாய்ந்திறங்கும் மெல்லிய கோடு, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அன்றைய கோட்டின் மேற்பாதி சீராக இருந்தது. பாதி வழியில் அதன் வலிமை ஏறி இறங்கத் தொடங்கியது; ஏற்றங்களுக்கு இடையிலான இடைவெளி குறைந்துகொண்டே போய், கோடு மணி கோத்த சரம் போலாயிற்று. ஒரே கற்றைக்குள் இரண்டு துண்டுகள் இருந்தால், ரேடாரிலிருந்து அவற்றின் தொலைவு வேறுபாடு அரை அலைநீளம், அதாவது ஏறத்தாழ 2.8 மீட்டர், கூடும்போதெல்லாம் எதிரொலி ஒருமுறை வலுத்து ஒருமுறை நலியும். மணல் துகள் போன்ற ஒன்று பிளந்து, துண்டுகள் விலகிச் செல்வதை மீட்டர் கணக்கில் பார்த்தேன் என்றே இன்றும் நம்புகிறேன்.

அலைமானி:
மேலே எழுதியவரின் ஆர்வத்தை மதிக்கிறேன்; முடிவுதான் அவசரமாகப் படுகிறது. எரிகல், ரேடார் கற்றையின் வலிய நடுப்பகுதியான முதன்மை மடலிலிருந்து, ஓரத்தில் கசியும் நலிந்த பக்க மடலுக்குள் நுழைந்தாலும் வலிமை வீழ்ந்து எழும். சோடியம் போல எளிதில் ஆவியாகும் தனிமங்கள் முதலில் தீர்ந்துபோனாலும் எதிரொலி மங்கும். நான் உடைவு என்று குறித்திருந்த ஒன்றை ஆன்டெனாவின் கற்றை வடிவத்தோடு ஒப்பிட்ட அன்றே, ஆறு வாரம் எழுதிய பகுதியை முழுவதுமாக நீக்க நேர்ந்தது.

காதங்கி_முன்னாள்:
பக்க மடலால் ஏற்ற இறக்கம் வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இடைவெளி படிப்படியாகக் குறைந்ததை அது விளக்காது. சிறு துண்டு காற்றில் விரைவாக வேகம் இழப்பதால் இரண்டும் விலகும் வேகம் கூடிக்கொண்டே போகும். நான் கண்டது அதைத்தான்.

பாரிஸ்_வானொலி:
எனக்குப் பெரிய ரேடார் இல்லை. டிஜோன் அருகே, செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் கிராவ் ரேடார் 143.050 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் அனுப்பும் அலை எரிகல்லில் பட்டுத் தெறிப்பதைப் பால்கனி யாகியில் பிடிக்கிறேன். ஆகஸ்டில் வரும் பெர்சீட் எரிகல் பொழிவின் ஓர் இரவில், சீழ்க்கை ஒன்று சரேலெனக் கீழிறங்கி, அது நின்ற இடத்தில் நீண்ட எதிரொலி எழுந்தது. எட்டு நொடிக்குள் திரையில் மூன்று இழைகளாகப் பிரிந்தது. கல் உடைந்துவிட்டது என்று மனைவியை எழுப்பிக் காட்டினேன். பிரிந்தது கல் அன்று, அது விட்டுச்சென்ற அயனித் தடம், அதாவது மின்னேற்றம் பெற்ற காற்றின் நீண்ட கோடு, என்பது பிறகே புரிந்தது. 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அடுக்குக்கு அடுக்கு வேறு திசையில் இழுத்ததால், தடத்தின் பகுதிகள் தனித்தனி டாப்ளர் விலகலை (நகர்வால் வரும் அதிர்வெண் மாற்றத்தை) காட்டியிருந்தன.

புதிதாகத் தொடங்குவோர் வானொலியை 143.049 மெகாஹெர்ட்ஸில், மேல் பக்கப்பட்டை (USB) முறையில் வைத்தால், எதிரொலி ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸில் கேட்கும். திரையின் நேர அளவை விரித்து முதல் அரை நொடியைப் பாருங்கள்; உடைவின் தடயம் இருந்தால் சரிந்திறங்கும் அந்த இழையில்தான் இருக்கும், பின்னால் வரும் நீண்ட எதிரொலியில் தேடாதீர்கள். கணினியின் கடிகாரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு பொருத்தி, வேறோர் ஊரில் கேட்பவரின் பதிவோடு ஒப்பிடுங்கள். செயற்கைக்கோள்களும் இதே அலைவரிசையில் சாய்கோடு போடும். ஆனால் அவை பல நொடிகள் எடுத்து மெல்லச் சரியும்.