ஏர் பாக்ஸுக்கு 75 மி.மீ. குழாய் போடலாமா, 63 போதுமா?

மேட்டுப்பாளையத்தான்:

வணக்கம். என் வண்டி 2013 மாடல் 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயரைச் சொன்னால் இந்த இழை சண்டையில் முடியும், அதனால் சொல்லவில்லை. 1,197 சிசி என்றால் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும், மீதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், பரவாயில்லை. 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

மாமனார் வீடு கோத்தகிரியில். வாரம் தவறாமல் மலை ஏறுகிறேன். நான்கு பேர் உட்கார்ந்து, டிக்கியில் ஒரு அரிசி மூட்டையும் இருந்தால் மூன்றாவது கியரில் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஏர் பாக்ஸுக்குள் (ஏர் ஃபில்டர் இருக்கிற பெட்டி) காற்று போகிற வாய்க் குழாயின் உள்விட்டம் 50 மி.மீ. தான். எங்கள் மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்கூட இதைவிடப் பெரிது!

ஆக்சஸரீஸ் கடையில் கூம்பு ஃபில்டர் கிட் 9,500 ரூபாய், 10 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். நண்பன் ஒருவன், அதெல்லாம் எதற்கு, 75 மி.மீ. அலுமினியச் சுருள் குழாய் வாங்கி ஃபாக் லாம்ப் ஓட்டைவரை இறக்கிவிடு, கீழே காற்று ஜில்லென்று வரும் என்கிறான். 63 மி.மீ. பிவிசி குழாய் வீட்டிலேயே கிடக்கிறது. எதைப் போடலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்:

சத்தம் வேண்டுமென்றால் கூம்பு போடுங்கள். வேகம் வேண்டுமென்றால் அரிசி மூட்டையை பஸ்ஸில் அனுப்புங்கள்.

லேத்துக்காரர்:

தம்பி, கோவை பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கிறுக்கு எனக்கும் பிடித்து, காசும் போய், அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள்.

உங்கள் என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,600 லிட்டர் காற்று இழுக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் முழுதாக நிரம்பாது, 3,000 என்று வையுங்கள். அது 50 மி.மீ. குழாயில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும். 63-இல் 58, 75-இல் 41. தடை என்பது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். ஆகவே 50-லிருந்து 63 போனாலே அந்தக் குழாயின் தடையில் 60 சதவீதம் ஒழிந்துவிடும். அதற்கு மேல் 75 போட்டால் இன்னும் 20 குறையும், அவ்வளவுதான். அந்த 20-க்காக ஹெட்லைட் பக்கத்தில் தகரத்தை வெட்ட வேண்டி வரும். 63 போதும்.

ஆனால் அந்தத் தடை மொத்தமே எவ்வளவு? இதை அளக்க மிஷின் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிவான டியூப் இரண்டரை மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் U மாதிரி வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்கு நீலம் கலந்த தண்ணீர் ஊற்றி, நடுவில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை ஒட்டுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்ஸிலேட்டர் மிதித்தால் திறக்கிற காற்று வால்வு) நடுவில் உள்ள குழாயில் சின்ன ஓட்டை போட்டு ரப்பர் வாஷரோடு செருகுங்கள் (பிறகு அந்த ஓட்டையை மறக்காமல் அடைக்க வேண்டும்). மறுமுனை காருக்குள் திறந்தே இருக்கட்டும், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் பலகையை மடியில் நிமிர்த்திப் பிடிக்க, காலி ரோட்டில் இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர். நின்ற இடத்தில் உறுமவிட்டால் பிரயோஜனமில்லை, லோடு இருந்தால்தான் காற்று முழுதாக இழுக்கும். ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படியுங்கள்.

10 செ.மீ. வித்தியாசம் என்றால் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். என் வண்டியும் 1.2 தான், 24 செ.மீ. காட்டியது. வாய்க் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், 17. அதாவது குழாயே இல்லாவிட்டாலும் லாபம் 0.7 சதவீதம், அரைக் குதிரை. மொத்தத் தடையையும் மந்திரம் போட்டு நீக்கினால் இரண்டு குதிரை. கடைக்காரர் சொன்ன 10 எங்கிருந்து வரும் என்று அவரிடமே கேளுங்கள்.

அப்படியானால் குழாய் வீணா என்றால் இல்லை, சூடுதான் விஷயம். உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். போதாக்குறைக்கு ஈசியூ (என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) ஸ்பார்க் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளி இழுவையைக் குறைக்கும். ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (வண்டியின் கம்ப்யூட்டர் சாக்கெட்டில் செருகினால் அளவுகளை ஃபோனில் காட்டும்) ஒன்று வாங்கி இன்டேக், அதாவது உள்ளே போகும் காற்றின், வெப்பநிலையைப் பாருங்கள். காந்திபுரம் டிராஃபிக்கில் வெளியே 36 இருக்கும்போது என் வண்டி 61 காட்டியது. கூம்பு ஃபில்டரை பானெட்டுக்குள் அப்படியே திறந்து வைத்திருந்த மாதத்தில் 70. சத்தம் மட்டும் சிங்கம் மாதிரி.

ஆகவே குழாயின் வாய் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கவே கூடாது, அங்கே வருவது வெந்த காற்று. கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், பானெட் லாக் இருக்கிற உயரத்தில் வையுங்கள். சுற்றிலும் இடைவெளியை ஃபோம் பட்டையால் அடைத்துவிடுங்கள். வாயை பெல் மாதிரி விரித்துவிடுவது முக்கியம். கூரான வெட்டு விளிம்பில் காற்று திரும்பும்போதே நிறையத் தடை வரும். நான் நைலான் கட்டையில் ஒன்று கடைந்து போட்டிருக்கிறேன்.

ஃபாக் லாம்ப் ஓட்டை யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். நானும் அங்கேதான் இறக்கியிருந்தேன். ஒரு மழை நாள் சாயங்காலம், லங்கா கார்னர் ரயில் பாலத்தடியில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். முன்னால் ஆட்டோவே போகிறது, நமக்கென்ன என்று விட்டேன். நடுவில் 'டக்' என்று ஒரே சத்தம், இருமல்கூட இல்லை, நின்றுவிட்டது. நான் செய்த முட்டாள்தனம், மறுபடி செல்ஃப் அடித்தது. தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தது. இன்சூரன்ஸில் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்கவில்லை, கைக்காசு 48,000. அந்த ராடு இன்னும் என் பட்டறை மேசைமேல் இருக்கிறது, பில்லுக் கட்டுக்கு வெயிட்டாக. கையில் எடுத்தால் நேராகத்தான் தெரியும். மேசைமேல் உருட்டிவிட்டால்தான் நடுவில் வாழைக்காய் மாதிரி ஒரு வளைவு தட்டுப்படும்.

பொருள்: அலுமினியச் சுருள் குழாய் சமையலறை சிம்னிக்குத்தான். உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பதால் தடை கூடும், ஆறு மாதத்தில் கிழியும். பிவிசி 80 டிகிரி பக்கம் வந்தாலே இளகத் தொடங்கும், எக்ஸாஸ்ட் பக்கம் போனால் தொங்கிவிடும். 63 என்பது அதன் வெளிவிட்டம் என்பதையும் கவனியுங்கள். உக்கடத்தில் பழைய பாகம் விற்கிற கடைகளில் 1.5 டீசல் வண்டிகளின் வாய்க் குழாய் கிடைக்கும். ஸ்கேல் எடுத்துப் போய் அளந்து வாங்குங்கள். என்ஜின் ஆடும், பாடி ஆடாது, ஆகவே நடுவில் ஓர் அடி சிலிக்கோன் ஹோஸ் விட்டு இரு பக்கமும் கிளிப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் அளவை மாற்றாதீர்கள். ஏர் ஃப்ளோ சென்சார் அங்கே இருந்தால், குழாய் அகலமானதும் காற்றின் வேகம் குறைந்து சென்சார் குறைவாகப் படிக்கும், பெட்ரோலும் குறைவாகவே தெளிக்கும். அப்புறம் செக் என்ஜின் விளக்கோடு குடித்தனம்.

கோத்தகிரி_ரோடு:

லேத்துக்காரர் எல்லாம் சொல்லிவிட்டார், மலையைத் தவிர. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத வண்டி அந்த ஐந்தில் ஒரு பங்கை இழந்தே ஆக வேண்டும், எந்தக் குழாயும் அதைத் திருப்பித் தராது. 25 வருடமாக இந்த ரோட்டில் டாக்சி ஓட்டுகிறேன். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், வளைவுக்குள் போய்த் தேடாதீர்கள். ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

மேட்டுப்பாளையத்தான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டியூப் பலகை செய்தேன். மனைவிதான் மடியில் வைத்துப் படித்தாள், புடவையில் நீலம் கொட்டியதற்கு இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

முதல் அளவு 31 செ.மீ. ஃபில்டரை வெளியே எடுத்தால், மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. செம்மண் நிறம். புது ஃபில்டர் 350 ரூபாய், போட்டதும் 22. உக்கடத்தில் 63 மி.மீ. குழாய் ஒன்று 250-க்குக் கிடைத்தது, கிரில்லுக்குப் பின்னால் கொண்டுவந்து ஃபோம் வைத்தேன். 18. மலை ஏறும்போது இன்டேக் முன்பு 54 டிகிரி, இப்போது 45.

வண்டி பறக்கிறதா என்றால் இல்லை. மூன்றாவது கியரில் முன்பு விழுந்த இடங்களில் இப்போது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. தண்ணீர் மட்டத்தில் குறைந்த 13 செ.மீ.-இல் 9 அந்த 350 ரூபாய் ஃபில்டரால்தான்.

அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். வாய் இப்போது பெரிதாக இருக்கிறது, எங்கள் தெருவில் எலித் தொல்லை. கொசு வலை கட்டலாமா?

லேத்துக்காரர்:

கொசு வலை வேண்டாம், மழைக்கால ஈசலில் ஒரே ராத்திரியில் அடைத்துக்கொள்ளும். கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை வாங்கி, வாய் விரிந்திருக்கும் இடத்திலேயே கட்டுங்கள். குழாய் குறுகுகிற இடத்தில் வைத்தால் குறைத்த 4 செ.மீ. திரும்பி வந்துவிடும். கட்டுவதற்கு முன் பாக்ஸை ஒருமுறை திறந்து, எலி ஏற்கெனவே குடிவந்துவிடவில்லையா என்று பாருங்கள். என் வண்டியில் ஒருமுறை அரைப் படி வேர்க்கடலைத் தோல் இருந்தது.