பாய்மரத்தை இறக்கும்போது பக்கவாட்டில் ஓடுகிறது, உதவி தேவை

ஏரிக்கரையான்:
வணக்கம். என்னிடம் ஒரு பழைய கேட்டலீனா 22 பாய்ப்படகு இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியில் ஓட்டுகிறேன். அக்டோபர் வந்துவிட்டது, பனி கொட்டுவதற்குள் பாய்மரத்தை இறக்கிப் படகை வீட்டுக்கு இழுத்துப் போக வேண்டும். மரம் (அலுமினியம்தான், பேச்சுக்கு மரம்) சுமார் 25 அடி. கேபின் கூரைமேல் ஒரே போல்ட்டில் நின்று பின்பக்கம் மடங்கும் வகை.

சனிக்கிழமை படகை டிரெய்லரில் ஏற்றி, பூமை (பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கம்பு) கழற்றி வைத்தோம். மச்சான் அணியத்தில் (படகின் முன்முனை) நின்று ஜிப் ஹாலியார்டை (முன்பாயை ஏற்றும் கயிறு) பிடித்து மெல்ல மெல்ல விட்டான், நான் காக்பிட்டில் (பின்பக்கம் உட்காரும் பள்ளம்) நின்று மரத்தை வாங்கினேன். பாதி சாய்ந்ததும் மரம் வலப்பக்கம் ஓடப் பார்த்தது. அடியில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். பயந்துபோய்த் திரும்பத் தள்ளி நிமிர்த்திவிட்டோம். மேல் ஷ்ரவுட் (மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) இரண்டும் மாட்டித்தான் இருந்தன. பிறகு ஏன் ஓடியது?

பழைய கயிறு:
முதலில் இரண்டு கேள்வி. முன்பக்கத்துக் கீழ் ஷ்ரவுட் இரண்டையும் கழற்றினீர்களா? டிரெய்லர் சமதரையில் நின்றதா?

ஏரிக்கரையான்:
இரண்டையும் கழற்றினோம் அண்ணா. தரையைப் பார்க்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன், மழைத்தண்ணீர் வடிய வாகனத் தரிப்பிடம் வலப்பக்கம் நன்றாகவே சரிந்திருக்கிறது.

பழைய கயிறு:
சரிவு பாதிக் காரணம். மீதி ஷ்ரவுடில்தான். உங்கள் படகில் ஷ்ரவுடின் கீழ்முனை பக்கத்தளத்தில் இருக்கிறது, மரம் மடங்கும் போல்ட்டோ கேபின் கூரைமேல். அதனால் மரம் பின்னால் சாயச் சாய உச்சிக்கும் அந்தக் கீழ்முனைக்கும் உள்ள தூரம் குறையும். போல்ட் ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் 45 டிகிரி சாயும்போதே ஷ்ரவுட் ஐந்து அங்குலம் தொய்ந்துவிடும். முழுக்கப் படுக்கும்போது கிட்டத்தட்ட அந்த ஒன்றரை அடியும் தொய்வுதான். மாட்டியிருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை.

அதற்குத் தற்காலிகமாகப் பக்கக் கயிறு கட்ட வேண்டும். மரத்தில் எட்டடி உயரத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒவ்வொரு கயிறு. கீழ்முனையில் ஒரு இரும்பு வளையம். அந்த வளையம் மடங்கும் போல்ட்டின் நேர்கோட்டில், அதே உயரத்தில் நிற்க வேண்டும். ஷ்ரவுடின் கீழ்முனையிலிருந்து ஒரு துண்டு, கைப்பிடிக் கம்பியின் அடியிலிருந்து இரண்டு துண்டு என்று இழுத்துக் கட்டினால் நிற்கும். வளையம் சரியான இடத்தில் இருந்தால் கயிறு தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே இறுக்கத்தில் இருக்கும். இதற்குக் கால் மணி நேரம் போனாலும் பரவாயில்லை, அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று, மச்சானைக் கையால் பிடிக்க விடாதீர்கள். மரம் தாழத் தாழக் கயிறு மரத்தோடு ஒட்டிப் படுத்துவிடும், சுமையோ அப்போதுதான் கூடும். ஆறடிக் கழி ஒன்றை மரத்தின் அடியில் முன்னோக்கி நீட்டி வையுங்கள். ஹாலியார்டை அதன் நுனியில் கட்டி, நுனியிலிருந்து அணியத்துக்கு மெயின்ஷீட் (பெரிய பாயை இழுக்கும் கயிறு) கப்பியைப் போடுங்கள். கழியும் பக்கவாட்டில் ஓடும், அதற்கும் இரண்டு கயிறு உண்டு. இதெல்லாம் சுமையைத் தாங்கத் தொடங்கிய பிறகுதான் ஃபோர்ஸ்டேயின் (மரத்தை முன்னால் பிடிக்கும் கம்பி) பின்னை உருவ வேண்டும். பின்பக்கம் மரம் வந்து உட்கார ஒரு கவட்டைத் தாங்கி வையுங்கள். சாயும் வழியில் யாரும் நிற்கக் கூடாது, வாங்குகிறேன் என்று நீங்களும்தான்.

காற்றுவாரி:
மேலே பார்த்தீர்களா? அந்தத் தரிப்பிடத்துக்கு மேல் மின்கம்பி போனால் படகை வேறு இடத்துக்கு இழுத்துப் போய்விட்டுத்தான் மற்றதெல்லாம். அலுமினிய மரமும் ஸ்டீல் ஷ்ரவுடும் கம்பியைத் தொட்டால் தப்ப வழியில்லை, கிட்டப் போனாலே பாயலாம்.

என் படகு 30 அடி. மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீலில் (படகின் அடிமுதுகு) நிற்கிறது, அதனால் கிரேன் இல்லாமல் முடியாது. ஸ்பிரெடருக்கு (ஷ்ரவுடை அகட்டிப் பிடிக்கும் குறுக்குக்கம்பு) கீழே பட்டியைச் சுற்றி, அது மேலே வழுக்காமல் இருக்க அதிலிருந்து ஒரு கயிற்றை மரத்தின் அடிக்கு இறக்கிக் கட்டுவோம். கிரேன் பாரத்தை வாங்கும்வரை ஒரு ஷ்ரவுடையும் தொடுவதில்லை. ஒரு வருடம் உள்ளே போகும் விளக்கு வயரைக் கழற்ற மறந்துவிட்டேன். மரத்தோடு அதுவும் அறுந்து வந்தது.

ஏரிக்கரையான்:
நேற்று இறக்கிவிட்டோம்! மின்கம்பி இல்லாத சமதரைக்கு மாற்றி, நீங்கள் சொன்னபடியே வளையம் கட்டினோம். முதல் தடவை வளையம் போல்ட்டுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது, சாய்த்ததும் கயிறு தொய்ந்தது. நிமிர்த்தி, முன்னுக்குத் தள்ளிக் கட்டினோம். அப்புறம் கப்பி 'டிக் டிக்' என்று இறங்கிக்கொண்டே இருந்தது, மரம் பக்கவாட்டில் அசையவே இல்லை.

அந்தக் 'கிறீச்' எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்தது. வலப்பக்க மேல் ஷ்ரவுடின் டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) தொய்ந்து, குறுக்கே சிக்கி, திருகுத்தண்டு வளைந்திருக்கிறது. பென்சில் கனம் இருக்கும். வைஸில் வைத்து நிமிர்த்தலாமா?

பழைய கயிறு:
வேண்டாம் தம்பி. வளைந்ததை நிமிர்த்தினால் மரையின் அடியில் விரிசல் விடும், கண்ணுக்கும் தெரியாது. புதிது வாங்குங்கள், அடியில் டாகிள் (மடங்கிக் கொடுக்கும் இணைப்பு) உள்ளதாகப் பார்த்து. பழையதை எறிவதற்கு முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், வசந்தத்தில் திரும்ப அதே இறுக்கத்துக்குக் கட்டத் தேவைப்படும்.