பொலித்தீனை உருக்கிக் கல் அரியலாமோ? முன்பள்ளிப் பாதைக்கு யோசனை வேணும்

முதிரைநிழல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் முறிகண்டிக்கு உள்பக்கம் இருக்கிறம். ஏ9 ஆல போற வாகனமெல்லாம் பிள்ளையாரடியில நிக்கும். தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக் கொறிச்சுப்போட்டு வெளிக்கிடுவினம். தண்ணிப் போத்தலும் சொப்பிங் பையும் ரோட்டுக்கரையில கிடக்கும், காத்தடிச்சா எங்கட வேலியில வந்து கொழுவும். போன வருசம் எங்கட பசு ஒண்டு வயிறு ஊதிச் செத்துது. வெட்டிப் பாத்தா உள்ளுக்குள்ள பொலித்தீன் பந்து. அதைக் கண்டாப் பிறகு இந்தக் குப்பையைச் சும்மா பாத்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரேல்லை.

எங்கட முன்பள்ளிக்குப் போற ஒழுங்கை மாரியில முழுச் சேறு. பிள்ளையள் செருப்பைக் கையில தூக்கிக்கொண்டுதான் போகுதுகள். பொலித்தீனை உருக்கி மணலோட குழைச்சுக் கல் அரியிறதை யூரியூபில பாத்தனாங்கள். எங்கட மாதர் சங்கத்தில பத்துப் பன்னிரண்டு பேர் செய்ய ரெடி. இதை இஞ்ச செய்யேலுமோ? எந்த பிளாஸ்ரிக் எடுக்கிறது? மிஞ்சுற கல்லில குசினி ஒண்டு கட்டலாமோ எண்டும் ஒரு அக்கா கேக்கிறா. அவவின்ர குசினி இன்னும் தகரம்தான்.

குளக்கட்டு எழுதியது:

பிளாஸ்ரிக் புகை நஞ்சு, சகோதரி. முன்பள்ளிக்குப் பக்கத்தில இந்த வேலை வேண்டவே வேண்டாம். சேர்த்துக் கட்டிப் பிரதேச சபையிட்டைக் குடுத்துவிடுங்கோ.

வட்டக்கச்சி மேசன் எழுதியது:

தங்கச்சி, நான் சின்ன வயசில இருந்து கல்லரியிறவன். இந்த பிளாஸ்ரிக் கல்லும் பழகி, எங்கட படலையில இருந்து வாசல் வரைக்கும் பதிச்சிருக்கிறன். செய்யலாம். ஆனா குளக்கட்டு சொல்லுறதைத் தட்டிவிடாதேங்கோ. உருக்கிறது வேற, எரிக்கிறது வேற. ரெண்டுக்கும் இடையில இருக்கிறது கொஞ்சச் சூடுதான்.

முதல் தரம் பிரியுங்கோ. ஒரு வாளி தண்ணியில சின்னத் துண்டா வெட்டிப் போட்டுப் பாத்தாத் தெரியும். சொப்பிங் பை, மூடி, உரப்பை மிதக்கும். தண்ணிப் போத்தல், பிவிசி குழாய் தாழும். போத்தலை மூடியோட போட்டா உள்காத்தில மிதந்து ஏமாத்தும், வெட்டித்தான் போடவேணும். றெஜிபோமும் மிதக்கும், ஆனா அது வேற சாதி, தொடாதேங்கோ. கல்லுக்கு நல்லது சொப்பிங் பைதான். அது 110 இல இருந்து 130 பாகைக்குள்ள இளகியிடும். தண்ணிப் போத்தலுக்கு 250 வேணும். அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனா பை புகையத் தொடங்கியிடும்.

பிவிசியோ எண்டு சந்தேகமெண்டா, செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதில தொட்டுப்போட்டுத் திரும்ப நெருப்பில பிடியுங்கோ. சுவாலை பச்சையா வந்தா ஒதுக்குங்கோ. அதைச் சுட்டா அமிலப் புகை வரும், நெஞ்சை அரிக்கும். வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல் எத்தினை தரம் கழுவினாலும் வேண்டாம். உள்ளுக்கு வெள்ளித்தாள் ஒட்டின பிஸ்கற், சம்போ பைக்கற்றுகளும் சரிவராது.

கழுவினதை வெயிலில நல்லாக் காய விடுங்கோ. ஈரப் பை சூட்டுக்குள்ள போனா எண்ணெயில தண்ணி விழுந்த மாதிரித் தெறிக்கும். எங்களோட நிண்ட பெடியன் ஒருத்தன்ர முழங்கையில ஒட்டினது, தோலோடதான் வந்தது. நீளக்கைச் சட்டையும் தோல் கையுறையும் இல்லாம ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது.

நிறையில ஒரு பங்கு பிளாஸ்ரிக்குக்கு மூண்டு பங்கு மணல். மணலை அரிச்சு, வறுத்துச் சூடா வைச்சிருக்கவேணும். குளிர் மணல் போட்டாக் கட்டிபடும். பாதியா வெட்டின பரல், சின்ன விறகு, நீளப்பிடிச் சவள். கட்டியில்லாமல் இளகினாப் பிறகு மணலைக் கொஞ்சங் கொஞ்சமாக் கொட்டிக் கிண்டுங்கோ. புகை தடிப்பா மஞ்சளா வந்தா உடனே விறகை இழுத்துவிடுங்கோ. பழைய எஞ்சின் ஒயில் பூசின இரும்பு அச்சில அமத்தி நிரப்பி, அச்சைத் தூக்கேக்க கரை சரியாத பதம் வரும்வரைக்கும் விட்டு, பிறகு தண்ணிக்குள்ள போடலாம்.

கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் இந்தப் புகைக்குச் சரிவராது. கரி வடி உள்ள மாஸ்க் வாங்குங்கோ. வெட்டையில, காத்துக்கு முதுகு காட்டி நிண்டு செய்யுங்கோ. பிள்ளைத்தாச்சியளும் சின்னனுகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. இன்னொண்டு, அடுப்பு மூட்டுற இடம் முந்தி இருந்தே பாவிச்ச வளவா இருக்கட்டும். சண்டைக்காலத்துக் கண்ணிவெடி, செல் எண்டு எங்கட மண்ணுக்குள்ள என்ன தாண்டு கிடக்குதெண்டு ஆருக்கும் தெரியாது. புதுக்காணியில குழி தோண்டி நெருப்பு வைக்காதேங்கோ.

குசினிக்கு இந்தக் கல் வேண்டாம் தங்கச்சி. நெருப்புப் பிடிச்சா உருகி ஒழுகி எரியும். சாந்தும் இதில ஒட்டாது. பாரம் ஏத்தினா எங்கட வெயிலுக்கு மெல்ல மெல்ல அமரும். அந்த அக்காவுக்குச் சீமெந்துக் கல்லுத்தான், நான் வந்து அரிஞ்சு தாறன். கிணத்தடிக்கும் பதிக்காதேங்கோ, தேயிற தூள் தண்ணிக்குள்ள போகும்.

பாலைப்பழம் எழுதியது:

மேசன் அண்ணை சொல்லுறதோட ஒண்டு சேர்க்கிறன். கென்யாவில என்சாம்பி மாட்டீ எண்ட பொறியியலாளர் இந்த முறையிலதான் நிலத்துக்குப் பதிக்கிற கல் செய்யிறா. 2020 இல ஐ.நா. சுற்றாடல் அமைப்பு அவவுக்கு விருது குடுத்தது. ஆனா அங்க சூட்டை அளந்து பிடிக்கிற மெசினும் அமத்துற மெசினும் இருக்கு. பரலில செய்யேக்க கண்ணாலதான் மட்டுக்கட்டவேணும், அதால கூடுதல் கவனம் தேவை.

பிளாஸ்ரிக்கை ரோட்டுக்குப் போடுறதைக் காட்டினவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018 இல பத்மசிறீ கிடைச்சது. சல்லியை 160, 170 பாகைக்குச் சூடாக்கி நறுக்கின பிளாஸ்ரிக்கைத் தூவினா அது சல்லியில படலமாப் பிடிக்கும், அதுக்கு மேல தார். எங்கட உள்ரோட்டுகளுக்கும் இது வரவேணும் எண்டுதான் என்ர ஆசை. வெள்ளித்தாள் பைக்கற்றுகளுக்கு நல்ல இடம் சீமெந்துச் சூளைதான். அதுக்குள்ள 1400 பாகைக்கு மேல சூடு, புத்தளத்தில கழிவைச் சேர்த்து எரிக்கினம்.

முதிரைநிழல் எழுதியது:

அண்ணை, வாசிச்சுக் காட்டினன், எல்லாருக்கும் விளங்கிச்சுது. அக்காவும் சரியெண்டிட்டா. ஒரு கல்லுக்கு எவ்வளவு பொலித்தீன் போகும்? ஒழுங்கை இருபது மீற்றர் வரும். தாழ்ந்த தண்ணிப் போத்தலுகளை என்ன செய்யிறது?

வட்டக்கச்சி மேசன் எழுதியது:

20 க்கு 10 சென்ரிமீற்றர், 6 உயரக் கல்லெண்டா அரைக்கிலோ மட்டில போகும். சொப்பிங் பையில நூறு பிடிக்கும். ஒரு சதுர மீற்றருக்கு ஐம்பது கல், அதாவது 25 கிலோ. ஒரு மீற்றர் அகலத்தில முழு ஒழுங்கைக்கும் அரைத் தொன் வேணும். அதை ஒரு மாரிக்குள்ள சேர்க்கேலாது. தண்ணி தேங்குற பள்ளத்தையும் முன்பள்ளிப் படலையடியையும் முதல் போடுங்கோ, மிச்சத்துக்கு இப்போதைக்குக் கிரவல் பறிச்சு இறுக்குங்கோ.

பதிக்கேக்க அடியில கிரவல், அதுக்கு மேல ரெண்டு விரல்கடை மணல், ரெண்டு கரையும் சீமெந்துக் கல் நாட்டி அணை கட்டுங்கோ. கரை கட்டாட்டி முதல் மழைக்கே கல் விலகும். தண்ணி வடிய ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு வையுங்கோ. சந்துக்கு மணலைக் கூட்டி நிரப்பினாக் காணும்.

தண்ணிப் போத்தலைக் கழுவி, நசிச்சு, சாக்கில கட்டி வையுங்கோ. பழைய இரும்பு வாங்க வாறவை சிலபேர் அதையும் எடுக்கினம். அந்தக் காசில கையுறையும் மாஸ்க்கும் வாங்கலாம். அச்சு என்னட்டை ரெண்டு கிடக்கு. ஆவணிக்குள்ள பையளைச் சேர்த்துக் காயப்போட்டு வையுங்கோ, ஒரு ஞாயிறு நானே அச்சோட வாறன்.