கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?

லோடு ஆட்டோக்காரன்:

சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வீடு. வயது 41. ஆட்டோவில் பெரும்பாலும் தேங்காய் லோடு. குடியை நிறுத்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசுவது) கூட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். பாலக்காட்டில் நடப்பது மலையாளத்தில் என்றார்கள். மலையாளத்தில் வாடகை பேசுவேன், போலீஸ்காரரிடமும் பேசுவேன். ஆனால் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் எந்த நிலையில் போய் நின்றேன் என்பதை அந்த மொழியில் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் கள்ளு ஷாப்பு. மாதம் 1-ஆம் தேதி பெவ்கோ (கேரள அரசு மதுக்கடை) மூடியிருந்தால் எல்லையில் வேலந்தாவளம் தாண்டி டாஸ்மாக்குக்குப் போவேன். இப்படியே பதினைந்து வருடம்.

பெயர், ஊர் எழுதி வாங்குவார்களா? பணம் எவ்வளவு? தெரிந்தவர் உள்ளே இருந்தால்? இன்னொன்று, போன மாதம் நானாகவே நிறுத்திப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, வேர்த்து ஊற்றியது. பத்து மணிக்குக் கடைக்குப் போய்விட்டேன். மறுபடி நிறுத்தப் பயமாக இருக்கிறது.

வார்டு நர்ஸ்:

தம்பி, கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, சட்டென்று நிறுத்தினால் அப்படித்தான் நடுங்கும். மன உறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தப்பும். அது உயிரை எடுக்கக் கூடியது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்ட அன்றோடு நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். அதைப் பார்த்துத்தான் மாத்திரை அளவு போடுவார்கள். பி1 சத்தும் கொடுப்பார்கள். கேரளத்தில் எக்சைஸ் துறையின் போதை மீட்புத் திட்டமான விமுக்தியின் உதவி எண் 14405. நாடு முழுவதற்குமானது 14446. வீட்டில் யாராவது ரசத்தில் தெரியாமல் மாத்திரை கலக்கலாம் என்று யோசனை சொன்னால் வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தவருக்கு ரத்த அழுத்தம் விழுந்து உயிர்கூடப் போகலாம்.

பொள்ளாச்சி ரோடு:

நான் குடிநோயாளி. குடிக்காமல் 9 வருடம் ஆகிறது.

தமிழ்க் கூட்டத்துக்கு நீங்கள் கோவைக்கு வரலாம். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடுங்கள், போன் செய்து நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். சர்ச் ஹாலில் நடந்தால் தயங்க வேண்டாம், இடம் கிடைத்ததால் அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், போட்டால் போடலாம். முழுப் பெயர் யாரும் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், நீங்கள் மெம்பர். க்ளோஸ்டு மீட்டிங் என்றால் நம்மைப் போன்றவர்கள் மட்டும், ஓப்பன் என்றால் வீட்டாரும் வரலாம். தெரிந்தவர் உள்ளே இருந்தால் அவரும் உங்களைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

முதல் நாள் அந்தக் கேட்டைத் தாண்டி மூன்று தடவை வண்டியில் போனேன். உள்ளே ஒரு கொத்தனார், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செய்தது அதே காரியம், யாரிடமும் சொல்லாதது. ஆறு வாரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், யாரும் வற்புறுத்தவில்லை.

1935-இல் அமெரிக்காவில் ஆக்ரான் என்ற ஊரில் இது தொடங்கியதே இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசியதில்தான். வெளியூரில் தனியாக மாட்டிக்கொண்டு, இன்றைக்குக் குடித்துவிடுவோம் என்று பயந்த ஒருவர், பேச இன்னொரு குடிகாரரைத் தேடிப் போனார். அதனால் மொழியைப் பற்றி நீங்கள் சொன்னது சின்ன விஷயமில்லை தம்பி. ஆனால் கேட்பதற்கு உங்கள் மலையாளம் போதும். கோவைக்குப் போக முடியாத வாரம் பாலக்காட்டில் போய்க் கேளுங்கள். பேசுவதைக் கோவைக்கு வந்து பேசுங்கள்.

மீனாட்சிபுரம்:

என் வீட்டுக்காரர் இன்னும் நிறுத்தவில்லை. ஆனாலும் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு நான் போகிறேன், அது 1951-லிருந்தே தனியாக நடப்பது. உங்கள் மனைவியிடம் சொல்லி வையுங்கள் அண்ணா. அவர் வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

லோடு ஆட்டோக்காரன்:

எல்லோருக்கும் பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஆஸ்பத்திரியில் 8 நாள் இருந்தேன். டாக்டரிடம் முழு அளவையும் சொன்னேன், மனைவி பக்கத்திலேயே இருந்தாள், அவளுக்கே அது புதுத் தகவல்.

ஞாயிற்றுக்கிழமை கோவைக்குப் போனேன். பெயர் மட்டும் சொன்னேன், ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்ல இன்னும் வரவில்லை. திரும்ப பஸ் கிடைத்து வீடு சேர மணி பத்தரை. மகள்தான் கதவைத் திறந்தாள். என் முகத்துக்குக் கிட்டே வந்து மூச்சு வாசனை பார்த்தாள். அப்புறம் தட்டை எடுத்து வைத்தாள்.

பொள்ளாச்சி அண்ணா, அடுத்த ஞாயிறு நீங்கள் எந்த பஸ்ஸில் போகிறீர்கள்?